அணில் இல்ல, குரங்கும் இல்ல... ஒரு விலங்கின் பெயரில் தமிழோடு ஒட்டிக்கொண்ட ஸ்காட்லாந்துக்காரர்! யார் இந்த வால்டர் எலியட்?

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் போகும்போது, ஊருக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்னாடியே சாளுவன்குப்பம் வந்துவிடும். புலிக்குகை இருக்கிற இடம் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். அங்கே நின்று நாலு செல்ஃபி எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவோம். ஆனா அதே வளாகத்தில், கொஞ்சம் தள்ளி, பலரும் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன குடைவரை இருக்கிறது. அதிரணசண்டர் குகைக் கோயில்.

அதன் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருதச் செய்யுள்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. எதிர்ப் பக்கச் சுவரில் நாகரி எழுத்தில் இன்னொரு கல்வெட்டு. பார்த்தால் ரெண்டும் வேறு வேறு. எழுத்தின் வளைவு, கோடு எதுவுமே ஒத்துப்போகாது. ஆனா படித்துப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். ரெண்டு சுவரிலும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே செய்யுள்கள்தான்.

இந்தக் கடற்கரையின் எழுத்துகளைப் படிக்க 19-ம் நூற்றாண்டில் பலர் முயன்றார்கள். 1830-ல் பாபிங்டன் என்பவர் மாமல்லபுரம் பற்றி ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டார். 1844-ல் மதராஸின் இலக்கிய, அறிவியல் இதழில் மாமல்லபுரம் பற்றிய கட்டுரைகள் வந்தபோது, கல்வெட்டுகள் பற்றிய குறிப்புகளோடு இன்னொரு பெயரும் அதில் இருந்தது. வால்டர் எலியட். மதராஸ் அரசின் அதிகாரி.

அதே எலியட்டின் பெயர், தென்னிந்தியக் காடுகளில் ஓடித் திரியும் ஒரு சின்ன விலங்கின் அறிவியல் பெயரிலும் இருக்கிறது. அந்த விலங்கின் சொந்தங்கள் அணிலா, குரங்கா என்று விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். வௌவால் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் அதோடு சேர்ந்துகொண்டது. முதலில் தோற்றத்தைப் பார்த்தார்கள், அப்புறம் மூளையைப் பிரித்துப் பார்த்தார்கள், கடைசியில் டிஎன்ஏ வந்தது. இந்த மொத்தக் கதையிலும் எலியட் சேகரித்த விலங்குகள் குறுக்கே வந்துகொண்டே இருக்கின்றன. எப்படின்னு பார்ப்போம்.

எலியட்ஸ் பீச் எலியட்டா இவர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெயரைக் கேட்டதும் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் ஞாபகம் வரும். ஆனா அந்த எலியட் வேறு. அவர் மதராஸில் நீதித்துறையிலும் காவல்துறையிலும் இருந்த எட்வர்ட் எலியட். நம்ம கதையின் நாயகர் வால்டர் எலியட்.

1803 ஜனவரி 16 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைத் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் படித்தார். 1821-ல் மதராஸ் வந்து இறங்கும்போது வயது 18. முதல் வேலை சேலத்தில். கலெக்டருக்கு உதவியாளர். பிற்காலத்தில் அவர் பெயரைச் சுமக்கப்போகும் அந்தக் குட்டி விலங்கு, சேலத்தை ஒட்டிய ஏற்காடு மலையிலும் வாழ்கிறது. ஆனா அது அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கொஞ்ச நாளிலேயே அவரைத் தென் மராட்டிய நாட்டுக்கு, அதாவது இன்றைய வட கர்நாடகத்தின் தார்வாட் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

கிட்டூரில் கைதி

1824. கிட்டூர் ராணி சென்னம்மா ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வருஷம். கிட்டூர் அரசருக்கு நேரடி வாரிசு இல்லை, தத்துப் பிள்ளையை ஏற்க மாட்டோம் என்று கம்பெனி சொல்ல, சண்டை வெடித்தது. அக்டோபரில் நடந்த மோதலில் கம்பெனியின் அதிகாரி தாக்கரே கொல்லப்பட்டார். அவருக்கு உதவியாளர்களாக இருந்த எலியட்டும் ஸ்டீவன்சனும் கிட்டூர் படையிடம் சிக்கினார்கள். சில வாரங்கள் கைதி. பிறகு விடுவிக்கப்பட்டார்கள்.

21 வயதில் இப்படி உயிர் தப்பிய ஒருவர், அந்த ஊரை விட்டே ஓடிப்போயிருக்கலாம். எலியட் 1833 வரைக்கும் அதே பகுதியில் வேலை பார்த்தார். வரி, வழக்கு, நிர்வாகம் போக மிச்ச நேரத்தில் ரெண்டு விஷயங்களில் இறங்கினார். ஒன்று, கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுப்பது. நூற்றுக்கணக்கில் சேர்த்தார். இன்னொன்று, விலங்குகள்.

எலிக்கு உள்ளூரில் என்ன பேர்?

1839-ல் எலியட்டின் பாலூட்டிப் பட்டியல் மதராஸ் இதழில் வெளியானது. தென் மராட்டிய நாட்டில் எந்தெந்தப் பாலூட்டிகள் இருக்கின்றன, எப்படி இருக்கும், எங்கே கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லும் பட்டியல். அதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஒவ்வொரு விலங்குக்கும் அந்த ஊர் மக்கள் பேசும் மொழிகளில் என்ன பெயர் என்பதையும் தலைப்பிலேயே வாக்குக் கொடுத்துச் சேர்த்திருந்தார்.

இதென்ன பெரிய விஷயம்னு தோணலாம். அந்தக் காலத்தில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குத் தோலும் எலும்பும் மூட்டை மூட்டையாகப் போகும். பல மூட்டைகளில் 'இந்தியா' என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த ஊர், எந்தக் காடு, அங்கே அதற்கு என்ன பேர்? ஒன்றும் இருக்காது. எலியட்டின் பட்டியல் அந்த ரகம் இல்லை. வயல் எலிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் நிறைய, வளை தோண்டி எலி பிடிக்கும் ஒட்டர்கள் மூலம் தெரிந்ததுதான்.

அதன் தடயம் அறிவியல் பெயர்களிலேயே இருக்கிறது. புதர்களில் வாழும் ஓர் எலிக்கு 1837-ல் லண்டனில் வைத்த பெயர் 'கொலுண்டா எலியோட்டி'. பின்பாதி எலியட்டின் பெயர். முன்பாதி அந்த எலியின் கன்னடப் பெயரான 'குலண்டி'. இன்னொரு வயல் எலியின் பெயரான 'மெல்டாடா' என்பதும் ஒட்டர்கள் அதற்குச் சொன்ன பெயரிலிருந்து வந்ததுதான். எலியைப் பிடித்துக் கொடுத்தவர்களின் சொந்தப் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் பேசிய சொல் மட்டும் லத்தீன் வேஷம் போட்டுக்கொண்டு நிலைத்துவிட்டது.

அதே பட்டியலில் வௌவால்களும் உண்டு. பாழடைந்த கட்டடங்கள், குகைகள், பழைய கோயில்களில் தொங்கும், பெரிய காதுகள் கொண்ட ஒரு வௌவாலுக்கு எலியட் 'மெகாடெர்மா கர்நாட்டிகா' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் ஃபால்ஸ் வேம்பயர், அதாவது போலி ரத்தக்காட்டேரி என்று சொல்வார்களே, அந்த வகை. ரத்தம் எல்லாம் குடிக்காது. தவளை, சுண்டெலி, பல்லி, பெரிய பூச்சிகளை, அவை நகரும் சத்தத்தைக் கேட்டே பிடித்துத் தின்னும்.

ஆனா இந்தப் பெயர் நிலைக்கவில்லை. அதே வௌவாலுக்கு 1810-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி ஜியோஃப்ரா 'மெகாடெர்மா லைரா' என்று பெயர் வைத்துவிட்டது பிறகு தெரிந்தது. விலங்கியலில் முதலில் வைத்த பெயருக்குத்தான் மரியாதை. எலியட் வைத்த பெயர் இன்று புத்தகங்களில் ஒரு மாற்றுப் பெயராக ஓரமாக நிற்கிறது. அந்த வௌவாலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

மூங்கில் அணத்தான்

1836-ல் மதராஸ் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவின் தனிச் செயலாளராக எலியட் திரும்பி வந்தார். கவர்னர் அவருக்கு உறவினர். அதன் பிறகு 1860-ல் ஓய்வு பெறும் வரை மதராஸ் மாகாணம்தான்.

இந்தக் காலத்தில்தான் கடப்பைக்கும் நெல்லூருக்கும் இடையே உள்ள மலைகளிலிருந்து ஒரு விசித்திரமான விலங்கு எலியட் மூலம் லண்டன் போனது. பார்த்தால் அணில் மாதிரி. உடம்பு ஒரு சாண் நீளம், வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். ஆனா மூக்கு கூராக நீண்டிருக்கும், காது அணிலைவிடப் பெரிசு, அணிலுக்கு இருக்கிற மாதிரி நீளமான மீசை முடி கிடையாது. தோளில் வெளிறிய ஒரு கோடு. தரையிலும் மரத்திலும் ஓடிப் பூச்சி, பழம் தின்னும். லண்டன் விலங்கியல் சங்கத்தின் 1849-ம் ஆண்டு வெளியீட்டில் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் இதை விவரித்து, எலியட்டின் பெயரை வைத்தார்.

1913-ல் அமெரிக்க விலங்கியலாளர் லயன் இது மற்ற மர மூஞ்சூறுகளோடு ஒட்டவில்லை என்று தனிப் பேரினம் ஆக்கினார். அதற்கு அவர் எடுத்த சொல் தமிழ். இந்த விலங்குக்குத் தமிழில் 'மூங்கில் அணத்தான்' என்று பெயர். அதிலிருந்து 'அணத்தானா'. முழுப் பெயர் 'அணத்தானா எலியோட்டி'. ஒரு தமிழ்ச் சொல், ஒரு ஸ்காட்லாந்துப் பெயர். இந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே ஒரு இனம்தான். உலகத்தில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் இது கிடையாது.

கல்லும் எலியட்டும்: மறக்க முடியாத மறுபக்கம்

எலியட்டின் மாமல்லபுரக் குறிப்புகள் 1869-ல் கேப்டன் கார் தொகுத்த புத்தகத்தில் மறுபடியும் அச்சாயின. மாமல்லபுரம் அன்றும் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. நடுவில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்துவிட்டு, 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் மறுபடி அங்கேயே வந்துவிட்டது.

மாமல்லபுரத்தில் அவர் செய்தது படிப்பதும் எழுதுவதும். குகைச் சுவரை யாராலும் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. ஆனா அமராவதியில் நடந்தது வேறு.

1845-ல் குண்டூரின் வரி நிலவரத்தை விசாரிக்க எலியட் அனுப்பப்பட்டார். பிறகு 1854 வரை வடசர்க்கார் பகுதியின் கமிஷனர். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த அமராவதி பௌத்த ஸ்தூபியைத் தோண்டினார். அங்கிருந்து கிடைத்த பளிங்கு போன்ற சிற்பங்கள் மதராஸுக்கு வந்தன. வந்தவை வருஷக்கணக்கில் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-ல் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பல காலம் அவற்றின் பெயரே 'எலியட் மார்பிள்ஸ்'. அமராவதியின் சிற்பங்கள் கணிசமாக எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன என்பது ஒரு ஆறுதல்.

ஸ்தூபியின் கற்களைச் சுண்ணாம்புக்காக உடைத்த காலம் அது. எலியட் எடுக்காவிட்டால் இன்னும் அழிந்திருக்கும் என்று ஒரு தரப்பு சொல்லும். எடுத்ததால்தான் ஒரே ஸ்தூபி ரெண்டு நாட்டில் சிதறிக் கிடக்கிறது என்று இன்னொரு தரப்பு சொல்லும். ரெண்டுமே உண்மை. எலியட் ஆட்சியின் ஆள். 1858 நவம்பரில் கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் ஆட்சி தொடங்குவதை மதராஸில் அறிவித்தபோது, கவர்னர் ஹாரிஸ் உடல்நலம் இல்லாமல் இருந்ததால் முன்னின்றவர் எலியட்தான்.

டார்வினுக்குப் புறா, ஓவனுக்குத் திமிங்கலம்

1856 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து எலியட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சார்லஸ் டார்வின். இந்தியாவில் வளர்க்கிற புறா, கோழி வகைகளின் தோல் வேண்டும் என்று கேட்டிருந்தார். எலியட் அனுப்பிவைத்தார்.

புறாத் தோல் எதற்கு? விசிறி வால் புறா, கர்ணப் புறா, தொண்டையைப் பலூன் மாதிரி ஊதும் புறா என்று வளர்ப்புப் புறாக்களில் அத்தனை வகை. பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனிப் பறவை மாதிரி இருக்கும். இவை எல்லாமே ஒரே மாடப்புறாவிலிருந்து வந்தவை என்று நிரூபிப்பதுதான் டார்வினின் திட்டம். 1859-ல் வெளியான அவரது 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே, இந்தியாவிலிருந்து தோல்களை அனுப்பிய எலியட்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

இதில் சுவாரஸ்யம் என்னன்னா, டார்வினின் பெரிய எதிர்ப்பாளரான ரிச்சர்ட் ஓவனுக்கும் எலியட்டின் சேகரிப்பு போனது. 1850-களின் தொடக்கத்தில் விசாகப்பட்டினம் கடற்கரையில் கிடைத்த டால்பின், திமிங்கல வகைகளை எலியட் பதிவுசெய்து, எலும்புகளைப் பாதுகாத்து வைத்திருந்தார். அவற்றை வைத்து 1866-ல் ஓவன் வெளியிட்ட ஆய்வில்தான் ரெண்டு இனங்கள் அறிவியலுக்கு முதன்முறையாக அறிமுகமாயின. ஒன்று, இன்று சிலிகா ஏரியில் சுற்றுலாப் பயணிகள் தேடிப்போய்ப் பார்க்கும் ஐராவதி டால்பின். இன்னொன்று, குட்டையான ஸ்பெர்ம் திமிங்கலம்.

மூளையைப் பார்த்துப் போட்ட பெட்டிகள்

இந்த ஓவன்தான் 1857-ல் பாலூட்டிகளை மூளையை வைத்து வகைப்படுத்தியவர். அதற்கு நூறு வருஷம் முன்னாடி, 1758-ல் லின்னேயஸ் வௌவாலை மனிதனும் குரங்கும் இருக்கும் அதே 'பிரைமேட்' பெட்டியில் போட்டிருந்தார். மார்பில் ரெண்டு பால் சுரப்பி, பல் அமைப்பு என்று வெளியே தெரியும் அடையாளங்கள்தான் அப்போதைய அளவுகோல். அது போதாது, மூளையைப் பார்க்க வேண்டும் என்றார் ஓவன்.

அவர் போட்ட கணக்கு இதுதான். மூளையின் மேற்பரப்பு மழமழவென்று, மடிப்பு இல்லாமல் இருப்பவை ஒரு பெட்டி. வௌவால், எலி, மூஞ்சூறு வகையறா எல்லாம் அதில். மூளையில் மடிப்புகள் நிறைந்தவை இன்னொரு பெட்டி. மாடு, புலி, திமிங்கலம், குரங்கு எல்லாம் அதில். குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் கங்காரு மாதிரியானவை தனி. மனிதன் மட்டும் எல்லாருக்கும் மேலே, தனியாக ஒரு பெட்டி.

மனிதப் பெட்டி சீக்கிரமே உடைந்தது. மனித மூளையில் மட்டும்தான் உண்டு என்று ஓவன் சொன்ன சில பாகங்கள் குரங்குகளிலும் இருப்பதை, டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி 1860-களின் தொடக்கத்தில் எல்லாருக்கும் முன்னால் காட்டினார். மற்ற பெட்டிகள்?

எலியட்டின் மூன்று விலங்குகளை இதில் வைத்துப் பாருங்கள். வௌவாலும் மூங்கில் அணத்தானும் ஒரே மழமழ மூளைப் பெட்டியில். திமிங்கலம் தனியாக, குரங்கோடு மடிப்பு மூளைப் பெட்டியில். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. இல்லையா?

மர மூஞ்சூறு குரங்குக்குச் சொந்தமா?

1924-ல் அடுத்த திருப்பம். லீ குரோஸ் கிளார்க் என்ற ஆங்கிலேய உடற்கூறு அறிஞர். போர்னியோ தீவின் சரவாக்கில் மருத்துவ அதிகாரியாக வேலை பார்த்தபோது, அங்கிருந்த மர மூஞ்சூறுகள் மேல் கவனம் திரும்பியது. நம்ம மூங்கில் அணத்தானின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அவற்றின் மூளையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

மூஞ்சூறு, முள்ளெலி மூளையில் வாசனைக்கான பகுதி பெரிதாக இருக்கும். மர மூஞ்சூறில் அது சின்னது. பார்வைக்கான பகுதி பெரிதாகியிருந்தது. கண்ணைச் சுற்றி எலும்பு வளையமும் இருந்தது. இதெல்லாம் குரங்கு வம்சத்தின் அடையாளம் என்று அவர் வாதிட்டார். வாதம் எடுபட்டது. 1945-ல் ஜார்ஜ் சிம்ப்சன் போட்ட, உலகமே பின்பற்றிய பாலூட்டி வகைப்பாட்டில் மர மூஞ்சூறுகள் பிரைமேட் வரிசையில் உட்கார்ந்தன. அதாவது மூங்கில் அணத்தானும் நமக்கு அதிகாரப்பூர்வ சொந்தம்!

1960-களில் இது ஆட்டம் கண்டது. மூளையை மறுபடி ஆராய்ந்தவர்கள், அந்த ஒற்றுமைகள் பல, மரத்தில் ஏறிக் கண்ணை நம்பி வாழும் எந்த விலங்குக்கும் வரக்கூடியவை என்றார்கள். குட்டி வளர்ப்பைக் கவனித்த ராபர்ட் மார்ட்டின் இன்னொரு வித்தியாசத்தைக் காட்டினார். குரங்கு குட்டியை மார்போடு கட்டிக்கொண்டு திரியும். அவர் ஆராய்ந்த மர மூஞ்சூறுத் தாயோ, குட்டியைத் தனிக் கூட்டில் விட்டுவிட்டு ரெண்டு நாளைக்கு ஒரு முறை வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பிரைமேட் பட்டியலிலிருந்து மர மூஞ்சூறு வெளியேறித் தனி வரிசையானது.

அப்போ பழந்தின்னி வௌவால்?

சண்டை அதோடு முடியவில்லை. 1986-ல் ஆஸ்திரேலியாவின் ஜாக் பெட்டிக்ரூ ஒரு வெடியைப் போட்டார். ஆலமரம், புளியமரத்தில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்குமே, ஒரு கிலோவைத் தாண்டும் எடையும் ஒரு மீட்டருக்கு மேல் விரியும் இறக்கையுமாக, அந்தப் பழந்தின்னி வௌவால்களின் குடும்பம் உண்மையில் குரங்குகளுக்குச் சொந்தம் என்றார்.

ஆதாரம்? மூளை. கண்ணிலிருந்து நடுமூளைக்குப் போகும் நரம்புப் பாதை. மற்ற பாலூட்டிகளில் வலது கண் பார்ப்பது பெரும்பாலும் இடது பக்க நடுமூளைக்குப் போய்விடும். மனிதனிலும் குரங்கிலும் ஏற்பாடு வேறு. எதிரே இருக்கும் காட்சியை நடுவில் கோடு போட்டுப் பிரித்தால், இடது பாதிக் காட்சி ரெண்டு கண்களிலிருந்தும் சேர்ந்து வலது பக்கத்துக்குப் போகும். வலது பாதி இடது பக்கத்துக்கு. இந்த ஏற்பாடு பிரைமேட்களுக்கே உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பழந்தின்னி வௌவாலிலும் இருக்கிறது, பூச்சி தின்னும் சின்ன வௌவால்களில் இல்லை என்றார் பெட்டிக்ரூ.

அவர் சொன்னது சரி என்றால், பறக்கும் பாலூட்டி ரெண்டு முறை தனித்தனியாக உருவாகியிருக்கணும். எலியட் பெயர் வைத்த குகை வௌவாலும், மரத்தில் தொங்கும் பழந்தின்னியும் வெறும் ஒற்றுமை மட்டுமே உள்ள அந்நியர்கள் ஆகிவிடுவார்கள்.

டிஎன்ஏ சொன்ன பதில்

1990-களில் டிஎன்ஏ ஒப்பீடுகள் வர ஆரம்பித்தன. வௌவால்கள் எல்லாம் ஒரே குடும்பம்தான், இறக்கை ஒரு முறைதான் உருவானது என்ற முடிவு உறுதியானது. பெட்டிக்ரூ கண்டது நரம்புப் பாதையில் உள்ள ஒற்றுமை. ஆனா அது ரத்த சொந்தத்தால் வந்தது இல்லை. பழத்தையும் கிளையையும் கண்ணால் தேடிப் பிடிக்க வேண்டிய வாழ்க்கை, ரெண்டு தனித்தனி வம்சங்களில் ஒரே மாதிரி மூளையைச் செதுக்கியிருக்கிறது.

2001-ல் வெளியான பெரிய டிஎன்ஏ ஆய்வுகள் பாலூட்டிகளின் மொத்தக் குடும்ப மரத்தையும் மாற்றி வரைந்தன. அதன்படி வௌவால் இருக்கும் கிளையில் இருப்பவர்கள் யார் தெரியுமா? மாடு, குதிரை, புலி, முள்ளெலி... கூடவே திமிங்கலம். மர மூஞ்சூறு இருப்பது வேறு கிளை. அங்கே எலியும் முயலும் இருக்கின்றன. குரங்கும் மனிதனும் அங்கேதான். அந்தக் கிளைக்குள் மர மூஞ்சூறுக்கு மிக நெருக்கம் குரங்குப் பக்கமா, எலிப் பக்கமா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. லீ குரோஸ் கிளார்க் வீட்டைத் தப்பாகச் சொன்னாலும், தெருவைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போ ஓவனின் பெட்டிகளைத் திரும்பப் பாருங்கள். அவர் சேர்த்து வைத்த வௌவாலும் மூங்கில் அணத்தானும் பிரிந்துவிட்டன. குரங்கோடு இருந்த திமிங்கலம் வௌவால் பக்கம் போய்விட்டது. மூங்கில் அணத்தான் குரங்கின் கிளைக்கு வந்துவிட்டது. எலியட் அனுப்பிய விலங்குகள் மூன்றும் அப்படியே இடம் மாறிவிட்டன.

இன்னொரு ஆச்சரியமும் மிச்சம் இருந்தது. வௌவால் குடும்பத்துக்குள்ளேயே டிஎன்ஏ புதுக் கோடு போட்டது. எலியட் 'கர்நாட்டிகா' என்று பெயர் வைத்த குகை வௌவால் பார்க்கச் சின்ன பூச்சி வௌவால்களோடு சேர்ந்தது மாதிரி இருக்கும். அவற்றைப் போலவே எதிரொலி வைத்தும் வழி கண்டுபிடிக்கும். ஆனா அந்தச் சின்ன வௌவால்களில் பலவற்றைவிட அதற்கு நெருங்கிய சொந்தம், எதிரொலியே இல்லாமல் கண்ணை நம்பிப் பறக்கும் பெரிய பழந்தின்னி வௌவால்தான். சாளுவன்குப்பத்தின் ரெண்டு சுவர் மாதிரி. எழுத்து வேறு, செய்யுள் ஒன்று.

லின்னேயஸ் வெளித்தோற்றத்தையும், ஓவன் மூளையின் மடிப்பையும், பெட்டிக்ரூ நரம்புப் பாதையையும் நம்பினார்கள். ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்தது நிஜம். அதிலிருந்து உறவைக் கணக்குப் போட்ட இடத்தில்தான் சறுக்கினார்கள். இந்தச் சண்டைகளில் எலியட் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. எந்தக் கொள்கையும் சொல்லவில்லை. எது, எங்கே கிடைத்தது, ஊரில் அதற்கு என்ன பேர் என்று எழுதி வைத்தார். கேட்டவர் டார்வினா, ஓவனா என்று பார்க்காமல் கொடுத்தார். அவர்களின் பெட்டிகள் மாறிக்கொண்டே இருந்தபோதும், அவர் எழுதி அனுப்பிய சீட்டுகள் செல்லாமல் போகவில்லை.

பார்வை போன பிறகும்...

1860-ல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தின் வுல்ஃபிலீ என்ற சொந்த ஊருக்குப் போனார் எலியட். 1866-ல் அரசு அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. 1878-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

ஏற்கெனவே கிட்டப்பார்வைக் கோளாறு இருந்தவருக்கு, வயதான காலத்தில் பார்வையே கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டது. அந்த நிலையில்தான் தென்னிந்தியக் காசுகள் பற்றிய அவரது பெரிய நூல் 1880-களின் நடுவில் வெளியானது. காசில் தேய்ந்துபோன எழுத்தையும் சின்னத்தையும் வாழ்நாள் முழுக்கக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், அந்தப் புத்தகம் அச்சாகும்போது அதைப் படிக்க முடியாத நிலையில் இருந்தார்.

1886-ல் ஜி.யு.போப் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். அந்த நூல் பற்றிய அறிமுகத்தை எலியட்டுக்கு யாரோ வாசித்துக் காட்டினார்கள். மறுநாள், 1887 மார்ச் 1 காலை, போப்புக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். குறள் பற்றிப் படித்ததைப் பாராட்டிவிட்டு ஒரு சந்தேகத்தையும் கேட்டிருந்தார்.  கடிதத்தின் கீழே தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை இறந்துபோனார். வயது 84.